டர்பனில் படிக்க, கற்பிக்க வந்தவர்கள் அகதிகளுக்குத் துணைநிற்பது எப்படி

டர்பன் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வரும் தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "இங்கே அகதி முகாம் எந்தப் பக்கம்? ஒருநாள் போய்ப் பார்க்கலாமா?" மண்டபம், கும்மிடிப்பூண்டி முகாம்களை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படி முகாம்கள் இல்லை. 1998இல் இயற்றி 2000இல் நடைமுறைக்கு வந்த அகதிகள் சட்டத்தின்படி, தஞ்சம் கேட்டு வருபவர் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம். வீட்டையும் வேலையையும் அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். அரிசி, பருப்பு அளந்து கொடுக்க யாரும் இல்லை. கம்பிவேலிக்குள் அடைத்து வைப்பாரும் இல்லை. அந்தச் சுதந்திரம் பெரியது. ஆனால் வாடகை கட்ட முடியாத மாதத்தில் அதே சுதந்திரம் நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

ஆகவே நீங்கள் எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. அவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆல்பர்ட் பார்க், பாயின்ட், சவுத் பீச் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறையைத் திரை போட்டுப் பிரித்து இரண்டு மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலோர் கிழக்குக் கொங்கோ, புருண்டி, ருவாண்டா நாட்டவர். சோமாலியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. கடைத்தெரு வாகன நிறுத்துமிடங்களில் ஒளிரும் மேலங்கி போட்டு உங்கள் காரைப் பார்த்துக்கொள்கிறவர்களில் கணிசமானோர் கொங்கோக்காரர்கள். அவர்களில் பட்டதாரிகள் உண்டு, பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள் உண்டு. சம்பளம் கிடையாது, கார் ஓட்டுபவர் கையில் வைத்துவிட்டுப் போகும் சில ராண்டுகள்தான் வருமானம்.

இந்த வழிகாட்டி க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தையும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. கேப் டவுன், ஜொஹான்னஸ்பர்க், ப்ரிட்டோரியாவில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வளாகத்துக்குள்ளிருந்து தொடங்குங்கள்

உங்கள் வகுப்பிலேயே அகதி மாணவர் இருக்கலாம். அவர் அதை வெளியில் சொல்லாமல் இருக்கவும் நியாயம் உண்டு. குழந்தையாக இங்கே வந்து, சூலுவும் ஆங்கிலமும் பேசி வளர்ந்து, மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்து நுழைந்தவர் ஏன் தம்மை அகதி என்று அறிவித்துக்கொள்ள வேண்டும்? "இங்கே அகதிகள் யார் யார்?" என்று பட்டியல் எடுக்கக் கிளம்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், இப்படிப்பட்டவர்களுக்கு என்ன நடைமுறை இருக்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கிருந்துதான் வேலையின் உருவம் தெரிய வரும்.

பெரும்பாலும் சிக்கல் பதிவு மேசையில்தான். சேர்க்கை நாளில் மேசைக்குப் பின்னால் இருப்பவர், "படிப்பு விசா எங்கே?" என்று கேட்பார். தஞ்சம் கேட்டவருக்கும் அகதி அந்தஸ்து பெற்றவருக்கும் படிப்பு விசா தேவையில்லை. அவர்கள் கையில் இருக்கும் அனுமதியே போதும். தஞ்சம் கோரியவர்கள் படிப்பதையும் வேலை செய்வதையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று 2003இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வட்செனூகா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஜனவரி மாதத்தில், சேர்க்கை தொடங்குமுன், பதிவு அலுவலர்களுக்கு அரைமணி நேரம் இதை விளக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், பிப்ரவரியில் பல குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும். ஒரு பல்கலைக்கழகத்தார் செய்யக்கூடியவற்றில் செலவே இல்லாமல் பெரிய பயன் தருவது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கட்டணத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அகதி அந்தஸ்து உள்ளவரிடம் உள்நாட்டுக் கட்டணமா, வெளிநாட்டவர் கட்டணமா வாங்குகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகைகளில் ஐ.நா. அகதிகள் முகமையும் ஜெர்மன் அரசும் 1992 முதல் நடத்திவரும் டாஃபி திட்டம் முக்கியமானது. உலக அளவில் 2030க்குள் அகதி இளைஞர்களில் 15 சதவீதத்தினரை உயர்கல்விக்குக் கொண்டுவருவது அந்த முகமையின் இலக்கு. விண்ணப்பம் திறக்கும் தேதியைக் கவனித்து, உரியவர்களிடம் சொல்லி, படிவம் நிரப்பக் கூட உட்காருங்கள்.

காகிதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

இங்குள்ள அகதியின் வாழ்க்கை ஒரு காகிதத்தின் காலாவதித் தேதியைச் சுற்றியே ஓடுகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் உதவிக்குப் போனால், நம் நல்ல மனம் காற்றோடு போய்விடும்.

அகதிகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு அனுமதி, தஞ்சம் கேட்டு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவருக்கு உரியது. இது சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முடிவு வரப் பல ஆண்டுகள் ஆகலாம், அதுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 24ஆம் பிரிவின் கீழ் அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டால் சில ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு, அதற்குக் கெடு மிகக் குறுகியது. நிரந்தர வதிவுரிமை கேட்க முன்பு 5 ஆண்டுகள் காத்திருந்தால் போதும். 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 10 ஆண்டாக்கிவிட்டது.

அனுமதி காலாவதியானால் என்ன ஆகும்? வங்கிக் கணக்கு முடங்கும். முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்பார். காவலர் நிறுத்திக் கேட்டால் பிடித்துக்கொண்டு போகலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக அகதிகள் வரவேற்பு அலுவலகங்கள் மூடப்பட்டன. 2021இல் இணையவழிப் புதுப்பித்தல் வந்தது. வரிசையில் விடிய விடிய நிற்பது குறைந்தது. ஆனால் மின்னஞ்சல் முகவரி இல்லாதவருக்கு, ஸ்கேன் செய்ய வழியில்லாதவருக்கு, போனில் டேட்டா தீர்ந்துபோனவருக்கு அது இன்னொரு பூட்டு.

இந்தப் பூட்டைத் திறப்பது பல்கலைக்கழக மாணவருக்கு எளிது. உங்களிடம் கணினி இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. வாரம் ஒரு பிற்பகல், நகரின் நடுவில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வருபவருக்கு மின்னஞ்சல் கணக்கு திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவர் கையாலேயே அவருடைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள், உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். அனுமதியை ஸ்கேன் செய்து அவருடைய கணக்குக்கே அனுப்புங்கள். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வையுங்கள். காகித நகல்களுக்குச் சான்றொப்பம் வேண்டுமென்றால் காவல் நிலையத்தில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவரோடு கூடப் போய் வாருங்கள்.

இரண்டு எல்லைகளை மீறாதீர்கள். தஞ்ச விண்ணப்பத்தில் எழுதும் விவரங்களுக்கு நீங்கள் ஆலோசனை சொல்லக்கூடாது. ஒரு தவறான வரி ஒருவரை நாடு கடத்தும் அளவுக்குக் கொண்டுபோகும், அது வழக்கறிஞர் வேலை. டர்பனில் மனித உரிமைகளுக்கான வழக்கறிஞர்கள் அமைப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. கேப் டவுனில் இருப்பவர்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அகதி உரிமைகள் பிரிவு இலவசமாக வாதாடுகிறது. மற்றொன்று பணம். தஞ்சம் தொடர்பான அரசு சேவைகள் எல்லாமே இலவசம். "கொஞ்சம் கொடுத்தால் முடியும்" என்று யாராவது கேட்டதாகச் சொன்னால், நீங்கள் பணம் கொடுத்து உதவாதீர்கள். வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

ஏற்கனவே உழைப்பவர்களோடு சேருங்கள்

புதிய சங்கம் தொடங்கும் ஆசை வரும். பெயர், சின்னம், டி-சர்ட் எல்லாம் மனத்தில் ஓடும். முதல் வருடம் அதைத் தள்ளிப் போடுங்கள். நகரின் நடுவில் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி டெனிஸ் ஹர்லி மையம் இருக்கிறது. நிறவெறிக்கு எதிராகக் குரல் கொடுத்த டர்பன் பேராயரின் பெயர் தாங்கிய அந்த மையத்தில், வீடற்றவர்களுக்கும் அகதிகளுக்கும் உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன. புதிதாக வந்து இறங்கிய அகதிக் குடும்பங்களைக் கவனிக்க அகதிகள் சமூக சேவை என்ற அமைப்பும் டர்பனில் இருக்கிறது. இவர்களிடம் போய், "உங்களுக்கு எந்த நாளில் எத்தனை பேர் தேவை?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் எளிமையாக இருக்கும்: செவ்வாய்தோறும் இருவர், ஆண்டு முழுவதும். நாற்பது பேர் ஒரு நாள் வருவதைவிட இது அவர்களுக்குப் பெரிய உதவி.

அகதிகள் தாமே நடத்தும் அமைப்புகளும் தேவாலயக் குழுக்களும் நிறைய உண்டு. கொங்கோக்காரர்களின் ஞாயிறு ஆராதனை ஸ்வாஹிலியிலும் லிங்காலாவிலும் பிரெஞ்சிலும் நடக்கும், சோமாலியருக்குப் பள்ளிவாசல். அங்குள்ள பெரியவர்களைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். வயதில் மூத்த பெண்ணை "மாமா" என்றும் ஆணை "பாபா" என்றும் அழைத்தால் சூலுவிலும் ஸ்வாஹிலியிலும் மரியாதை. கொண்டுபோகும் பொருளை நீட்டுமுன் உட்கார்ந்து, நலம் விசாரித்து, அவர்கள் தரும் தேநீரைக் குடியுங்கள்.

மொழி வகுப்பு நடத்துவது

மாணவர் குழு ஒன்று தொடர்ந்து நடத்தக்கூடியது என்றால் மொழி வகுப்பைத்தான் சொல்வேன். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நேரத்தை உங்கள் கால அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடி பின்னும் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு வெள்ளியும் சனியும்தான் வருமானம். கார் பார்க்கிறவருக்கு வார இறுதி முழுவதும் வேலை. ஞாயிறு தேவாலய நாள். வார முற்பகுதியே தோது. இருட்டிய பிறகு நகரின் நடுவில் பெண்கள் தனியாக நடப்பது ஆபத்து, ஆகவே மாலை வகுப்பை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகமும் ஹவர்ட் கல்லூரி வளாகமும் மேட்டில் இருக்கின்றன; மினிபஸ் டாக்சிக்குப் போக வரக் கொடுக்கும் காசு ஒரு வேளைச் சாப்பாடு. வகுப்பை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே நியாயம். தேவாலயக் கூடம், நூலக அறை எதுவானாலும் சரி.

குழந்தைகளுக்கு ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் தாய்மார் வரமாட்டார்கள். அடுத்த அறையில் இருவர் பாய் விரித்து, வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்தால் போதும். கல்வியியல் படிக்கும் மாணவர்கள் இதை விரும்பிச் செய்வார்கள்.

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் மாதம் மூன்று இடங்களுக்கான பேச்சு போதும்: மருத்துவமனை, பள்ளிச் சேர்க்கை மேசை, வீட்டுக்காரர். "மூன்று நாளாகக் காய்ச்சல்", "வாடகை ரசீது வேண்டும்", "இந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?" போன்ற வாக்கியங்கள் அன்றைக்கே பயன்படும். ஆங்கிலத்தோடு சூலுவும் சொல்லிக்கொடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். டாக்சியிலும் சந்தையிலும் பக்கத்து வீட்டிலும் சூலுதான் ஓடுகிறது. வெளிநாட்டவர் மீது கோபம் மூளும் நாளில் ஒருவர் நாலு வார்த்தை சூலு பேசினால் பேச்சுவார்த்தைக்காவது இடம் கிடைக்கும். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் சூலு பாடம் தேற வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. சூலு தாய்மொழிக்கார மாணவர்களை ஆசிரியர்களாக அழைத்து வந்தால், உள்ளூர் இளைஞர்களும் அகதிகளும் ஒரே மேசையில் உட்காருவார்கள். அந்தப் பழக்கம் எந்தக் கருத்தரங்கையும்விட அதிகம் செய்யும்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் உங்கள் வளாகத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். கொங்கோவில் பெற்ற பள்ளிச் சான்றிதழும் பட்டமும் பிரெஞ்சில் இருக்கும். அவற்றை இங்கே செல்லுபடியாக்கத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் மதிப்பீடு வேண்டும், அதற்கு உயர் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். உங்கள் நண்பரின் மொழிபெயர்ப்பு அங்கே செல்லாது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு, எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து விளக்க அவரால் முடியும். மொழிபெயர்ப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஆகும் கட்டணத்தைத் துறைக்காரர்கள் சேர்ந்து கட்டினால், கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் ஓர் ஆசிரியர் திரும்ப வகுப்பறைக்குள் போகும் வழி திறக்கும்.

பள்ளியும் மருத்துவமும்

காகிதம் இல்லாத குழந்தையையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி மறுத்தால் அந்தத் தீர்ப்பின் நகலோடு ஒருவர் கூடப் போனாலே பல இடங்களில் வேலை முடியும். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் 2025இல் டர்பன் உட்படச் சில நகரங்களில் அரசு மருத்துவமனை வாசலில் சில கூட்டத்தார் நின்று அடையாள அட்டை கேட்டு வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பினார்கள். மருத்துவம், செவிலியம் படிக்கும் மாணவர்கள் இதில் சும்மா இருக்கக்கூடாது. எந்தக் கிளினிக்கில் எந்த நேரம் அமைதி என்று விசாரித்துச் சொல்வது, பிரசவ நாள் நெருங்கியவரோடு கூடப் போவது இரண்டும் உங்களால் முடியும். வாசலில் வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். நடந்ததைக் குறித்துக்கொண்டு வழக்கறிஞர்களிடம் கொடுங்கள்.

இங்குள்ள தமிழரை அழைத்து வாருங்கள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களின் சந்ததி இங்கே இருக்கிறது. ஹவர்ட் கல்லூரி வளாகத்திலிருந்து பார்த்தால் கேட்டோ மேனர் தெரியும். அங்கே தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த குடும்பங்களை இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் பெயர்த்தெடுத்துச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. வெஸ்ட்வில் வளாகத்தின் தொடக்கமும் அந்தக் கதையோடு சேர்ந்ததுதான்: இந்தியருக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி வைத்தார்கள், மாணவர்கள் படகில் போய்ப் படித்தார்கள். அந்தக் கல்லூரிதான் பின்னர் வெஸ்ட்வில்லுக்கு மாறியது. இடம் பெயர்க்கப்பட்ட நினைவு இங்குள்ள தாத்தா பாட்டிமாரிடம் உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு ஈழத்து உறவுகள் இருந்தால் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

2015 ஏப்ரலில் இசிபிங்கோவில் தொடங்கி வெளிநாட்டவர் மீது தாக்குதல் பரவியபோது, இசிபிங்கோவிலும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் விளையாட்டுத் திடல்களில் கூடாரம் அடித்து ஆயிரக்கணக்கானோரைத் தங்கவைத்தார்கள். மூன்றுமே நம் மக்கள் நிறைந்து வாழும் இடங்கள். கோயில் சமையல் அண்டாக்களும் நூறு பேருக்குப் பரிமாறிப் பழகிய கைகளும் அங்கே இருக்கின்றன. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, காவடி நாளில் அன்னதானம் போடும்போது, ஒரு பங்கை நகரின் நடுவில் உள்ள சமையற்கூடத்துக்குச் சேர்க்க முடியுமா என்று கோயில் குழுவிடம் கேளுங்கள். சைவச் சாப்பாடு என்பதால் சோமாலி முஸ்லிம் குடும்பங்களுக்கும் தடையில்லை. கொங்கோவில் மரவள்ளி இலையைக் கடைந்து சமைக்கிறார்கள். நம் கீரைக் கடைசலைச் சாப்பிடத் தயங்கமாட்டார்கள். சாப்பாட்டோடு பிரார்த்தனையைக் கட்டிப்போடாதீர்கள்.

கோயில் குழுவில் சிலர், "நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இவர்களுக்கு ஏன்?" என்பார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள். சாட்ஸ்வர்த்தில் வறுமை உண்மையானது. வகுப்பும் கணினி மேசையும் உள்ளூர் ஏழைகளுக்கும் திறந்திருக்கட்டும். நடைமுறையில் இது நல்லது, பாதுகாப்பும்கூட.

செய்யக்கூடாதவை

படம் எடுக்காதீர்கள். ஓடி வந்தவரைத் தேடுகிறவர்கள் இருக்கலாம். முகநூலில் வந்த ஒரு முகம் கொங்கோவின் கோமா நகரிலோ புருண்டியின் புஜும்புராவிலோ இருக்கும் உறவினருக்கு ஆபத்தாகலாம். தஞ்ச விண்ணப்ப விவரங்கள் இரகசியம் என்று அகதிகள் சட்டமே சொல்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் பெயர்ப்பட்டியலைப் பூட்டி வையுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

"ஏன் ஓடி வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல விரும்பினால் ஒரு நாள் சொல்வார். அழத் தொடங்கினால் பக்கத்தில் இருங்கள், பிறகு பல்கலைக்கழக உளவியல் மையத்தில் பேச விருப்பமா என்று கேளுங்கள்.

உங்கள் ஆய்வேட்டுக்குத் தரவு சேகரிக்கும் இடமாக மொழி வகுப்பை மாற்றவே கூடாது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பேட்டி கேட்டால் மாணவர் மறுக்க மாட்டார், அது சம்மதம் ஆகாது. ஆய்வு செய்வதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, வேறிடத்தில், வேறு ஆள்களோடு செய்யுங்கள்.

கனடாவுக்கு அனுப்பிவிடலாம், வேலை வாங்கித் தரலாம் என்ற வாக்குறுதிகள் வாயில் வரக்கூடாது. மூன்றாம் நாட்டுக் குடியமர்வு மிகச் சிலருக்கே கிடைக்கிறது.

கலவரம் வந்தால்

2008இல் நாடெங்கும் நடந்த வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். மீண்டும் வராது என்று நினைத்துத் திட்டமில்லாமல் இருப்பது தவறு. இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, யார் யாரை அழைப்பது, எந்த தேவாலயக் கூடத்தின் சாவி யாரிடம், காவல் நிலைய எண் என்ன, அகதி மாணவர்கள் விடுதியில் தங்க அனுமதி தருபவர் யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதற்ற நாள்களில் நீங்களாகத் தெருவில் இறங்கி ஆள்களை மீட்கப் போகாதீர்கள். போனில் கிடைக்கும் செய்தியை உறுதிசெய்து, பயந்திருப்பவர்களுக்கு எந்தப் பாதை பாதுகாப்பு என்று சொல்வதே அப்போது தேவை. அனுமதிக் காகிதங்களின் ஸ்கேன் மின்னஞ்சலில் இருந்தால் எரிந்துபோன வீட்டிலிருந்து வெளியேறியவருக்கும் மறுநாள் தம்மை நிரூபிக்க முடியும். கணினி மேசை வேலையில் அதனால்தான் அவ்வளவு கவனம் வேண்டும்.

விடுமுறையும் ஒப்படைப்பும்

ஜூன் தேர்வு, ஜூலை விடுமுறை, நவம்பர் தேர்வு, பிறகு ஜனவரி இறுதி வரை வளாகம் வெறிச்சோடும். அனுமதிகள் அந்த மாதங்களிலும் காலாவதியாகும், வாடகையும் கேட்பார்கள். டர்பனையே ஊராகக் கொண்டவர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், அலுவலர்கள் ஆகியோரிடமிருந்து விடுமுறைப் பொறுப்பாளர்களை அக்டோபரிலேயே தேர்ந்தெடுங்கள். படிப்பு முடிந்து போகிறவர், தாம் கவனித்துவந்த ஒவ்வொரு குடும்பத்தையும் அடுத்தவருக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். காலாவதித் தேதிகள், நிலுவையில் உள்ள மேல்முறையீடுகள், பள்ளியில் இடம் கேட்டிருக்கும் குழந்தைகளின் வகுப்பு, மதிப்பீட்டுக்கு அனுப்பிய சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரே கோப்பில் கைமாற வேண்டும். ஜனவரியில் பள்ளிகள் திறக்கும் வாரத்தில் பொறுப்பாளர் ஒருவர் போனை எடுக்கும் தொலைவில் இருக்கட்டும். அந்த வாரத்தில்தான் அழைப்புகள் அதிகம் வரும்.